மோவாய் வைக்கும் துண்டு

அண்ணன் மேல் இருக்கும் கோபம் ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் அவன் பக்கத்து நியாயங்களையும் சேர்த்து எழுத ஆரம்பித்துவிடுவேன். எனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

எங்கள் நாயின் பெயர் தொரை. இரண்டு வருடங்களுக்கு முன், மூடிக் கிடந்த ஒரு கிடங்கிலிருந்து அண்ணன்தான் அதைத் தூக்கி வந்தான். அரை மயக்கத்தில் கிடந்தது. அப்போது பார்த்த டாக்டர் இதயம் பலவீனம் என்று சொல்லியிருந்தார். உடம்பு தேறியபின் அம்மா, அண்ணன், நான் ஆகிய மூவரைத் தவிர யார் கை பட்டாலும் விறைத்துக்கொண்டது. அதற்கு அடுத்து பல் தெரியும்.

போன மாதம் அதன் வலது காதுக்குள் சீழ் வைத்தது. டாக்டர் தன் நாற்காலியை விட்டு எழுந்ததுமே தொரை உறுமியது. அவர் மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

"இந்த இதயத்துக்கு மயக்க ஊசி போட்டா எழுந்திரிக்குமான்னு என்னால சொல்ல முடியாது. முழிச்சிருக்கும்போதே காதைத் தொட விடணும். பழக்கிக் கூட்டிட்டு வாங்க. மாத்திரை மூணு வாரம் தாங்கும். அதுக்கு மேல சீழ் உள்ள இறங்கிடும்."

இருபத்தொரு நாள். நான் பழக்குகிறேன் என்றேன். என்னால் முடியுமா என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

மாலை வகுப்பில் நான் ரத்தப் பரிசோதனை படிக்கிறேன். பார்த்ததைப் பார்த்த கணமே எழுது, நினைவை நம்பாதே என்று அங்கே முதல் நாளிலிருந்தே சொல்கிறார்கள். அதனால் தொரைக்கும் ஒரு நோட்டு போட்டேன். யார் தொட்டார்கள், எங்கே, எத்தனை நொடி, காது எப்படி இருந்தது, வால் எப்படி இருந்தது.

முறை எளிதுதான். முக்காலி மேல் ஒரு நீலத் துண்டை மடித்து வைப்பேன். தொரை அதன் மேல் மோவாயை வைத்தால் வேகவைத்த கோழித் துண்டு ஒன்று கிடைக்கும். மோவாய் துண்டின் மேல் இருக்கும்வரை தொடலாம். தூக்கினால் அந்த நொடியே கையை எடுத்துவிட வேண்டும். இதில் ஒருமுறைகூடத் தவறக் கூடாது. முதல் வாரம் நான் மட்டும் தொட்டேன். பிறகு மாடிவீட்டுத் தையல்கார அக்காவைக் கூப்பிட்டேன். தினமும் காலையில் மெஷினில் உட்காரும் முன் இறங்கி வருவார்.

"என்ன தொரை, இன்னைக்கு அளவு எடுக்கலாமா? சட்டையா, கோட்டா?" என்பார். முதலில் தோள், பிறகு கழுத்து. பதினொன்றாம் நாள், நல்ல காதை நான்கு நொடி தொட்டார். எழுதிக்கொண்டேன்.

பன்னிரண்டாம் நாளிலிருந்து ஏதோ கெட்டுப்போனது. அக்கா குனிவதற்கு முன்பே தொரை எழுந்து கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. இரண்டு நாள் பார்த்துவிட்டு, வாசனைதான் காரணமோ என நினைத்து, தலைக்கு வேறு எண்ணெய் வைத்துப் பார்க்க முடியுமா என்று அக்காவிடம் கேட்டேன்.

"இருபது வருஷமா இதே எண்ணெய்தான் பாப்பா. என் புருஷனே ஓடலை" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் மறுநாள் வரவில்லை.

பதினாறாம் நாள் வகுப்பு முடிந்து வந்தேன். வாசலில் பழக்கமில்லாத இரண்டு ஜோடி செருப்பு. கூடத்தில் அண்ணனும் அவன் பட்டறை ஆட்கள் இரண்டு பேரும் தரையில் இருந்தார்கள். ஒருவர் தொரையின் இடுப்பு மேல் முழங்காலை ஊன்றியிருந்தார். இன்னொருவர் அதன் தலையைத் துணியால் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தார். அண்ணன் காதுக்குள் மருந்தைப் பிழிந்துகொண்டிருந்தான். தரையெல்லாம் மூத்திரம். தலையில் சுற்றியிருந்தது நீலத் துண்டு.

"முடிஞ்சிருச்சு, முடிஞ்சிருச்சு. ரெண்டே நிமிஷம்" என்றான் அண்ணன்.

"அது எந்தத் துண்டு?"

"துண்டுல எந்தத் துண்டு? கொடியில கிடந்துச்சு."

அவர்கள் விட்டதும் தொரை கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. மருந்தில் பாதி தரையில் கிடந்தது. பட்டறை ஆட்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டார்கள்.

"நீ கழுத்துல இருந்து காதுக்கு வந்து சேர்றதுக்குள்ள, சீழ் இந்தக் காதுல இருந்து அந்தக் காதுக்குப் போயிடும்" என்றான். "நாய் யாரோடது? நான் தூக்கிட்டு வந்தது."

"உனக்கு வலிச்சா உன் மேல ரெண்டு பேரை உக்கார வைக்கலாமா?"

"எனக்கு வலிச்சா வாயத் தொறந்து சொல்லுவேன்."

"அதுவும் சொல்லியிருக்கும். நீதான் வாயச் சேர்த்து மூடிட்டியே."

அவனுக்குச் சுருக்கென்றது. அதனால்தான் அடுத்ததைச் சொன்னான். "என்னமோ நான் மட்டும்தான் பயமுறுத்துற மாதிரி. உன் நோட்டைத் தொறந்தாலே அது கட்டிலுக்கு அடியில ஓடுது. வீட்டுல எல்லாருக்கும் தெரியும், உன்னைத் தவிர."

சமையலறையிலிருந்த அம்மாவைப் பார்த்தேன். அம்மா பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் வேலைக்கு விடுப்பு சொன்னேன். வீட்டில் யாரும் இல்லை. தொரை ஜன்னல் வெயிலில் படுத்திருந்தது. நான் எட்டத்தில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தது. எழுந்தது. கட்டிலுக்கு அடியில் போனது. ஒரு மணி நேரம் கழித்துப் பேனாவை மட்டும் எடுத்தேன். காது இரண்டும் பின்னால் மடிந்தன.

அன்னியர் கை படுவதற்குச் சற்று முன் நான் தவறாமல் நோட்டைத் திறந்திருக்கிறேன். இதோ வருகிறது என்று தினமும் முன்கூட்டியே மணி அடித்திருக்கிறேன். எண்ணெயைக் குற்றம் சொல்லியிருக்கிறேன். மாடிக்குப் போய் அக்காவிடம் மன்னிப்பு கேட்டேன். அண்ணனிடம் கேட்கவில்லை. அவன் சொன்னது சரியாக இருந்தது. என் கோபம் அதனால் இரண்டு மடங்கானதே தவிரக் குறையவில்லை.

நான்கு நாள்தான் மிச்சம். நீலத் துண்டைப் பார்த்தாலே தொரை நடுங்கியது. அதை வெளியே போட்டுவிட்டு என் சின்னத் தலையணையை வைத்தேன். நோட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு, வேலைக்குப் போகும் பேருந்தில் எழுதினேன். பத்தொன்பதாம் நாள் அக்கா ஒற்றை விரலால் தோளைத் தொட்டார். இருபதாம் நாள் காதின் நுனி. அவ்வளவுதான் முடிந்தது.

இன்று இருபத்தொன்றாம் நாள். தொரையைத் தூக்கி டாக்டரின் மேஜை மேல் வைக்க அண்ணனும் வந்தான். தலையணையை வைத்தேன். மோவாய் வந்தது. டாக்டரிடம் விதியைச் சொன்னேன். தலையாட்டினார். காதைத் தொட்டார், மடலைத் திருப்பினார். மோவாய் எழுந்தது.

"சார், கையை எடுங்க."

"இன்னும் கொஞ்சம்தாம்மா."

அண்ணனின் கை தொரையின் கழுத்துப் பக்கம் நகர்ந்தது.

பேருந்தில் என் நிறுத்தம் வந்தால்கூட இறங்கணும் என்று சத்தமாகச் சொல்லத் தெரியாதவள் நான். "சார், கையை எடுங்க" என்றேன். "அண்ணா, நீ வெளிய போ." வெளி அறையில் காத்திருந்த ஒருவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். டாக்டர் கையை எடுத்தார். அண்ணன் போய்விட்டான்.

நின்றோம். பேனாவைத் தேடி என் விரல்கள் பைக்குள் போயிருந்தன. கையை வெறுமனே வெளியே எடுத்துக் கட்டிக்கொண்டேன். நாற்பதுவரை எண்ணினேன். தொரை மூடிய கதவைப் பார்த்தது, டாக்டரின் கையைப் பார்த்தது. பிறகு மோவாயைத் தலையணை மேல் வைத்தது.

பதினொரு முறை தூக்கியது. பதினொரு முறையும் டாக்டர் கையை எடுத்தார். காது சுத்தமாக முக்கால் மணி நேரம் ஆனது. "அடுத்த வாரமும் பார்க்கணும்" என்றார். "அந்தத் தலையணையை மறந்துடாதீங்க."

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் தரையில் உட்கார்ந்து, "தொரை, வாடா" என்று கையை நீட்டினான். தொரை அந்தக் கையைப் பார்த்தது. எழுந்து கட்டிலுக்கு அடியில் போனது.

கை அப்படியே நீண்டிருந்தது. "நோட்டைத் தொறந்தியா?" என்றான், திரும்பாமல்.

"நோட்டு பையில இருக்கு. பை ஆணியில இருக்கு."

அவன் கையை மடக்கிக்கொண்டான்.

சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுதுகிறேன். தலையணை என் மடியில் இருக்கிறது. எப்படி வைப்பது, எப்போது கையை எடுப்பது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். இன்னும் கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான். இன்றைக்குக் கொடுக்க மாட்டேன்.