மாப்பிள்ளை உட்கார்ந்த இடம்

என் அக்காவின் கணவர் காவல் துறையில் மோப்ப நாய்க்குப் பொறுப்பாளர். அந்த நாய்க்குப் பிரிவில் வைத்த பட்டப்பெயர் மாப்பிள்ளை. வேளாவேளைக்குச் சாப்பாடு, உடம்பு சீவிவிட ஆள், போகும் இடத்துக்கெல்லாம் வண்டி. எங்கள் வீட்டு மாப்பிள்ளைக்கு அதில் பாதி மரியாதைகூட நாங்கள் செய்ததில்லை.

கஞ்சா கண்டுபிடிப்பதுதான் அதன் வேலை. குரைக்காது, பிறாண்டாது. வாசனை கிடைத்த இடத்தில் போய் உட்காரும்.

அக்காவுக்கு முதுகுத்தண்டில் நரம்பு நோய். சக்கர நாற்காலிதான். கால்கள் நடக்காது, சும்மாவும் இருக்காது. திடீரென்று முறுக்கிக்கொண்டு இழுக்கும், கெண்டைக்கால் கல்லாகிவிடும். மருத்துவமனை மாத்திரையைப் போட்டால் வலி குறையும், ஆளும் குறைந்துவிடுவாள். பகல் முழுக்க வாயோரம் எச்சில் வழியத் தூங்குவாள். சில மாதங்களாக அந்த மாத்திரையை விட்டுவிட்டு, நாக்குக்கு அடியில் கஞ்சா எண்ணெய் இரண்டு சொட்டு விட்டுக்கொள்கிறாள். நோய் போகவில்லை. கால் அடங்குகிறது. சட்டப்படி அது குற்றம். வாங்கிக் கொடுப்பவன் நான். குளிர்பதனக் கிடங்கில் இரவு ஷிஃப்ட் பார்க்கிறேன். படிப்பைப் பாதியில் விட்டவனுக்கு அங்கே எல்லாவிதச் சகவாசமும் கிடைக்கும்.

மாமாவிடம் நாங்கள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. ஆனால் எண்ணெய் வீட்டுக்கு வந்த வாரமே சோப்பும் துண்டும் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போக ஆரம்பித்தார். அங்கேயே குளித்து, அங்கேயே சீருடை மாட்டிக்கொண்டு, பிறகுதான் நாயிடம் போவார். வீட்டு வாசனையோடு போனால் அது அவர் காலடியிலேயே உட்கார்ந்துவிடும். இப்படி ஒரே வீட்டில் மூன்று பேரும் வாயைத் திறக்காமல் காலம் தள்ளினோம்.

அப்போதுதான் கஞ்சாவை மருந்துக்கும் மற்றதுக்கும் அனுமதிக்கலாமா என்று அரசு ஒரு குழு போட்டது. பொதுமக்களும் வந்து பேசலாம் என்றார்கள். அனுமதிக்கவே கூடாது என்பது காவல் துறையின் கட்சி. ஒரு வாசனைக்குப் பழக்கிய நாய்க்கு அதை மறக்கடிக்க முடியாது, சட்டம் மாறினால் இத்தனை நாய்களும் வீண் என்று பிரிவு அதிகாரி சொல்லப்போகிறார். மாமா நாயைக் கொண்டுவந்து வித்தை காட்ட வேண்டும். அக்காவும் பேசப் பெயர் கொடுத்திருந்தாள்.

முந்தின நாள் சாப்பிடும்போது மாமா வர வேண்டாம் என்றார். பெயர் கொடுத்தாகிவிட்டது என்றாள் அக்கா. அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, “அப்ப பாட்டில வீட்டுல வெச்சுட்டு வா,” என்றார்.

அந்தப் பாட்டில் எங்கள் பேச்சில் வந்தது அதுதான் முதல் தடவை.

“அங்க கால் இழுத்தா, உங்க நாய் வந்து பிடிச்சு விடுமா?” என்றாள் அக்கா.

அவர் கை கழுவ எழுந்து போய்விட்டார்.

மண்டபத்துக்குப் படிகள் மட்டும்தான். நாற்காலியோடு அவளைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். முதலில் ஒரு டாக்டர், ஆதாரம் போதாது, ஆராய்ச்சி முடியும்வரை காத்திருக்க வேண்டும் என்றார். அடுத்து ஒரு வியாபாரி, அந்தச் செடியில் கயிறு, துணி, எண்ணெய், செங்கல் எல்லாம் வரும் என்று அளந்துகொண்டே போனார். விட்டால் கஞ்சாவிலேயே வீடு கட்டி வாடகைக்கு விடுவார் என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். பிறகு ஒரு அப்பா. சின்ன வயதில் புகைக்க ஆரம்பித்த மகனுக்குப் புத்தி பேதலித்து, இப்போது பெற்றவரையே அடையாளம் தெரியவில்லை. பின்வரிசை முணுமுணுப்பு அடங்கியது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வித்தை ஆரம்பித்தது. மேடைக்கு முன்னால் பைகளை வரிசையாக வைத்திருந்தார்கள், ஒன்றில் கஞ்சா. மாப்பிள்ளை இரண்டாவது பையருகே மூக்கைத் தூக்கியது. திரும்பியது. வாரை இழுத்துக்கொண்டு முன்வரிசைக்கு வந்து, அக்காவின் நாற்காலி முன்னால் உட்கார்ந்தது.

அதிகாரி சாமர்த்தியசாலி. “மாப்பிள்ளைக்கு வயசாயிடுச்சு,” என்று மைக்கில் சொல்லிக் கூட்டத்தைச் சிரிக்கவைத்தார். பிறகு மாமாவிடம், “தப்பா உக்காந்துட்டான், இல்லய்யா?” என்றார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அவர் வேலை தப்பித்துவிடும், அக்காவும் வீட்டுக்குப் போகலாம். ஆனால் அதன் பிறகு அவள் அங்கே எதைப் பேசினாலும் பொய்யாகத்தான் பேச வேண்டும். மாமா அவளைப் பார்த்தார்.

“அவன் தப்பு பண்ண மாட்டான் சார்.”

அக்கா இருக்கைக்கு அடியிலிருந்து பாட்டிலை எடுத்து மடிமேல் வைத்தாள். சிரிப்பு நின்றது. யார் கொடுத்தது என்று அதிகாரி கேட்டார்.

“நீங்க குடுத்திருக்கணும். குடுக்கல. அதனால வேற ஆள் குடுத்தாங்க,” என்றாள்.

அவளை வெளியே கொண்டுபோகச் சொன்னார் அதிகாரி. இரண்டு பெண் காவலர்கள் வந்தார்கள். ஒருத்தி நாற்காலிப் பிடியில் கை வைக்கப் போனபோது மாப்பிள்ளை பல்லைக் காட்டி உறுமியது. இருவரும் நின்றுவிட்டார்கள். அதிகாரி கூப்பிட்டுப் பார்த்தார். அது காதைக்கூடத் திருப்பவில்லை. உட்கார்ந்த பிறகு பொறுப்பாளர் சொன்னால்தான் எழும். வேறு யார் பதவிக்கும் எழாது.

“எழுப்புய்யா,” என்றார்.

மாமா வாரைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

குழுத் தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நாய் எழுந்திருக்கற வரைக்கும் அவங்க பேசட்டும்,” என்றார்.

மைக்கை அக்காவின் வாயருகே நான் பிடித்தேன்.

“அந்த அப்பா சொன்னது நிஜம். அவர் பையன் வயசுல யாருக்கும் இதை விக்கக் கூடாது. கடை போடத் துடிக்கறவங்களையும் நான் நம்பல. டாக்டர் காத்திருக்கச் சொன்னார். அவர் காத்திருக்கலாம், அவர் கால் நல்லா இருக்கு. எனக்கு எவ்வளவு சொட்டு, இதுல என்ன கலந்திருக்குன்னு சொல்ல ஒரு டாக்டர் வேணும். இப்ப அதைச் சொல்றவன் கெமிஸ்ட்ரியில ஃபெயில்.”

நான் கூரையைப் பார்த்தேன்.

அப்போதே கால் இழுக்க ஆரம்பித்தது. மிதிகட்டை கடகடவென்று அடித்தது. அவள் பாட்டிலைத் திறந்து, அத்தனை பேர் முன்னால், நாக்கைத் தூக்கி இரண்டு சொட்டு விட்டுக்கொண்டாள். சொட்டு உடனே கேட்காது. வலியோடுதான் மீதியையும் பேசினாள். “இந்தக் காலோட சேர்த்து என்னைக் குற்றவாளின்னு எழுதுங்க. ஆனா பார்த்துட்டு எழுதுங்க.” பிறகு மாமாவிடம் திரும்பினாள். “முடிச்சுட்டேன். எழுப்புங்க.”

அவர் சொன்னார். மாப்பிள்ளை எழுந்தது.

பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டார்கள். வாசலில் அதிகாரி மாமாவை, நாயை ஒப்படைத்துவிட்டுத் தன் அறைக்கு வரச் சொன்னார். வீட்டையும் சோதனை போடப்போவதாகச் சொன்னார். மாமா வாரை அவர் கையில் கொடுத்துவிட்டு, படியில் இறக்க நாற்காலியின் ஒரு பக்கம் வந்து குனிந்தார்.

“தாராளமா வாங்க. வீட்டுல ரகசியம் எதுவும் பாக்கி இல்ல,” என்றாள் அக்கா அதிகாரியிடம். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

“என்னடா வேடிக்கை? அந்தப் பக்கம் பிடி,” என்றார் மாமா.