தரையில் உட்கார வேண்டிய மாமன்

மகளுக்குக் காதுகுத்த நாள் குறித்துவிட்டு என் தங்கை பாண்டீஸ்வரி எனக்குப் போன் செய்தாள். சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தாள். சோழவந்தான் பக்கம் மாமனார் வீட்டுக் குலசாமி கருப்பன் கோயிலில் வைத்திருக்கிறோம் என்றாள், கிடா பிடித்தாயிற்று என்றாள். அப்புறம் குரல் இறங்கியது.

"அண்ணே, ஒண்ணும் நெனச்சுக்கிராத. பிள்ளைய மடியில வச்சுக்க நம்ம அழகுராஜாவ உக்காரச் சொல்லலாமான்னு இவுக கேக்குறாக."

அழகுராஜா எங்கள் சித்தப்பா மகன். அவனும் பிள்ளைக்கு ஒன்றுவிட்ட மாமன்தான், ஜிம்முக்கெல்லாம் போகிறவன். ஆனால் கூடப்பிறந்த மாமன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது அவன் மடியில் என் மருமகளுக்குக் காது குத்துவதா?

"ஏன், நான் செத்தா போயிட்டேன்?" என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன்.

கத்தியது கத்தியதுதான், அவள் கேட்டதில் தப்பில்லை. எங்கள் வகையறாவில் மாமன் வெறுந்தரையில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். நாற்காலி ஆகாது, ஸ்டூல் ஆகாது. மொட்டை போடுவதிலிருந்து இரண்டாவது காது குத்தி முடியும்வரை பிள்ளையைக் கை மாற்றவும் கூடாது. நானோ தரையில் உட்கார்ந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. பெரியார் நிலையத்திலிருந்து திருப்பரங்குன்றம் போகும் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். இடுப்பில் இடது பக்கம் பிடிக்கும் வலி தொடை வழியாகக் கீழே இறங்கும். பெல்ட் போட்டாயிற்று, எண்ணெய் தேய்த்தாயிற்று. கடைசியாகப் பார்த்த டாக்டர் ஸ்கேனை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "எலும்பெல்லாம் நல்லா இருக்கு சிவபாண்டி. உடம்பு பழகுன விதம்தான் சரியில்ல" என்று சொல்லி, பசுமலையில் ஜெனி என்ற பெண்ணிடம் போகச் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். உடம்பு பழகிய விதமாவது ஒன்றாவது என்று அந்தச் சீட்டை மடித்துப் பையில் போட்டவன், தங்கச்சி போனுக்குப் பிறகுதான் போனேன்.

ஜெனி பிசியோதெரபி படித்த பெண். முப்பது வயதிருக்கும். வீட்டு மாடியில் பாய் விரித்துப் பயிற்சி சொல்லிக்கொடுத்தாள். நான் போனபோது ஓய்வுபெற்ற டீச்சர்மார் நாலைந்து பேர் மல்லாந்து படுத்திருந்தார்கள். ஒருவர் குறட்டையே விட்டுக்கொண்டிருந்தார்.

"முழங்கால் ரெண்டையும் மடக்குங்கண்ணே. அப்படியே ஒரு பக்கமா லேசா சாய்ங்க. எம்புட்டுக் கம்மியா முடியுமோ அம்புட்டுக் கம்மியா."

"கம்மியாவா?"

"ஆமா. வலி வாரதுக்கு முன்னாடியே நின்னுரணும். நின்ன எடத்துல முதுகு எங்க தரையத் தொடுது, எங்க தொடலன்னு மட்டும் பாருங்க."

இத்தனை வருஷ சர்வீஸில் என்னை யாரும் எதையும் கம்மியாகச் செய்யச் சொன்னதில்லை. டிப்போவில் எப்போதும் இன்னொரு நடை போய்விட்டு வா என்பார்கள். மருந்து கசக்க வேண்டும், வைத்தியம் வலிக்க வேண்டும் என்று வளர்ந்தவன் நான். இந்தப் பிள்ளை விளையாட்டுக் காட்டுகிறது என்று முடிவு செய்து, வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அதே பயிற்சியைப் பல்லைக் கடித்துக்கொண்டு முரட்டுத்தனமாகச் செய்தேன். மறுநாள் காலையில் குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை.

நேரே பசுமலைக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். "நீங்க சொன்னதச் செஞ்சுதாம்மா இப்படி ஆச்சு!"

ஜெனி கோபப்படவில்லை. "சரிண்ணே. பஸ்ஸுல எப்படி நின்னு டிக்கெட் போடுவீங்க? செத்த நின்னு காட்டுங்க" என்றாள்.

இதென்ன கூத்து என்று நினைத்தாலும் நின்றேன். ஒரு கையில் டிக்கெட் மெஷின், இன்னொரு கையில் சில்லறை இருப்பதாகப் பாவனை. கூட்டத்தில் கம்பியைப் பிடிக்கக் கை இருக்காது. அதனால் இடது இடுப்பைச் சீட்டு முதுகில் முட்டுக்கொடுத்து நிற்பது எங்கள் தொழில் பழக்கம். நின்று காட்டிவிட்டு, "அம்புட்டுதான்" என்று கையை இறக்கினேன்.

"இப்ப பஸ்ஸ விட்டு எறங்கிட்டீங்களா?"

"எறங்கிட்டேன்."

"கீழ பாருங்கண்ணே."

பார்த்தேன். கால் விரல் பத்தும் பாயைக் கவ்விக்கொண்டிருந்தன. இல்லாத சீட்டு மேல் இடது இடுப்பு இன்னும் சாய்ந்திருந்தது. மூச்சு? அது எங்கே நின்றதென்றே தெரியவில்லை. டிரைவர் எந்த நிமிஷமும் பிரேக் போடுவார் என்று என் உடம்பு காத்துக்கொண்டு நின்றது.

"மாடி எங்கயும் போகலண்ணே" என்று ஜெனி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு போகிற இடமெல்லாம் என்னை நானே பிடித்தேன். டீக்கடையில் நின்றால் இடுப்பு பெஞ்சைத் தேடியது. வீட்டில் கை கழுவப் போனால் தொட்டியில் சாய்ந்தது. வண்டியை டிப்போவில் விட்டுவிட்டு வந்தாலும் நான் இறங்கவே இல்லை என்று புரிந்தபோது, என் இடுப்பை நினைத்து எனக்கே பாவமாக இருந்தது. அதைப் போய் ஒரு வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கம்மியாகச் செய்யக் கற்றுக்கொண்டேன். அதுதான் கஷ்டமாக இருந்தது. தொப்பென்று விழாமல் தரைக்குப் போக ஜெனி ஒரு வழி சொல்லிக்கொடுத்தாள். முதலில் கண் போகும் இடத்துக்குத் தலை போகும், தலை போனால் தோள் வரும், இடுப்பு கடைசியாகத் தானே வந்து சேரும். அவசரப்பட்டால் வலி, பொறுத்தால் இல்லை. கடைசியில் ஒருநாள், மடித்த போர்வை மேல் ஒரு முழுக் காப்பி குடித்து முடிக்கும்வரை சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். உடனே பாண்டீஸ்வரிக்குப் போன் போட்டேன்.

"நான்தான் உக்காருவேன். அழகுராஜாவ இலை போடச் சொல்லு."

கோயிலில் நல்ல கூட்டம். போர்வைக்கெல்லாம் அங்கே வழியில்லை, வெறுந்தரைதான். உட்கார்ந்துவிட்டேன். மூன்று வயது கனிஷ்காவை மடியில் வைத்தார்கள். மொட்டை போடும்போது அழுதாலும் ஒருவழியாக முடிந்தது. சந்தனம் பூசினார்கள். ஆசாரி வந்து இடது காதில் ஒரே குத்து.

பிள்ளை அலறிய அலறலில் கோயில் மணி கேட்கவில்லை. வில்லாக வளைந்து உதைத்தது. குதிகால் என் தொடையில் விழ, வலி மின்னலாக இடுப்புக்கு ஏறியது. ஆசாரி ஊசியோடு பின்வாங்கினார். "கெட்டியாப் புடிங்கய்யா! தலைய ஆட்டுனா காது கிழிஞ்சிரும்!" என்று நாலு பக்கமும் சத்தம். நான் இறுக்கிப் பிடித்தேன். இறுக்க இறுக்கப் பிள்ளை விறைத்தது, விறைக்க விறைக்க வலி கூடியது.

அழகுராஜா பந்தி வேலையை விட்டுவிட்டு ஓடி வந்தான். "அண்ணே, குடு, நான் புடிக்கிறேன். ஒனக்கு முடியல." கையை நீட்டிக் குனிந்தேவிட்டான். பாண்டீஸ்வரி என்னைப் பார்த்தாள். கொடுத்துவிடு என்று அவள் கண் கெஞ்சியது.

கொடுக்கத்தான் நினைத்தேன். அப்போதுதான் தெரிந்தது, என் கால்விரல்கள் கவ்விக்கொண்டிருந்தன. மூச்சு நின்றிருந்தது. என் உடம்பு மறுபடியும் பிரேக்குக்குக் காத்திருக்கிறது. அந்தப் பயம் முழுதும் நேராகப் பிள்ளைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"செத்தப் பொறுடா" என்றேன்.

விரல்களை விட்டேன். இடுப்பைத் தரை தாங்கட்டும் என்று விட்டேன். எல்லோரும் கெட்டியாகப் பிடி என்று கத்திக்கொண்டிருக்க, நான் கையைத் தளர்த்தினேன். பாண்டீஸ்வரி மாமியார், "இவனுக்கென்ன கிறுக்கா?" என்றார். மூச்சு தானாக வெளியே போனது. என் வயிற்றில் பிள்ளையின் முதுகு ஒட்டியிருந்ததால், வயிறு இறங்கியபோது அவளும் கூடவே கொஞ்சம் இறங்கினாள். மறுபடி மூச்சு விட்டேன். அழுகை விக்கலாகக் குறைந்தது. மொட்டைத் தலை மெல்ல என் நெஞ்சில் சாய்ந்தது. நான் ஆசாரியைப் பார்த்துக் கண் காட்டினேன். அவர் மெதுவாக வந்து வலது காதைத் தொட்டார்.

ஒரு சின்ன "ஆ" மட்டும் வந்தது. அவ்வளவுதான்.

குலவை போட்டார்கள். பாண்டீஸ்வரி பிள்ளையைத் தூக்க வந்தாள். கனிஷ்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்று தலையசைத்துவிட்டு, அப்படியே தூங்கியும் போனாள்.

"கால் மரத்திருக்கும்ண்ணே, குடு" என்றாள் பாண்டீஸ்வரி.

மரத்துத்தான் போயிருந்தது. இடுப்பிலும் வலி மெல்ல எட்டிப் பார்த்தது. வரட்டும், எழுந்து நடந்தால் போய்விடும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஒரு வருஷத்தில் முதல் முறையாக அதைப் பார்த்து நான் பயப்படவில்லை.

"பந்தி போட்டாச்சா?" என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே போய், ஒரு இலையைக் கொண்டுவந்து என் முன்னால் தரையிலேயே விரித்தாள். சோறு போட அழகுராஜா வந்தான். பிள்ளை முழித்துவிடாதபடி கரண்டிச் சத்தம் கேட்காமல் பரிமாறினான். நான் ஒரு கையால் மருமகளைத் தாங்கிக்கொண்டு மறு கையால் சாப்பிட்டேன். கறி மறுபடி வந்தபோதும் வேண்டாம் என்று சொல்லவில்லை.