ஆறரை மணி கேபில் போனவர்களின் பெயரில்

ஏதாவது ஒரு ஆப்ஷனைச் சேர்க்கச் சொல்லி மடல் வந்தால் என் முதல் பதில் ‘வேண்டாம்’ என்பதுதான். அடுத்த பதில் ‘ஏன்?’. எலெக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் கம்பெனியின் நானூறு பேர் எழுதும் நிரல்களையும் ஒரே இடத்தில் சேர்த்து வைக்க, நாங்களே எழுதிக்கொண்ட கருவி ஒன்று இருந்தது. யார், எந்தக் கோப்பை, எந்த நிமிடத்தில் மாற்றினார்கள் என்பதெல்லாம் அதன் லாகில் பதிவாகிவிடும். 2004இல் அதற்கு முழுப் பொறுப்பும் நான். தமயந்தி கையில் மாட்டினால் ஒரு புள்ளிகூடத் தப்பாது என்று கேன்டீனில் கேலி பேசுவார்கள். உள்ளூர எனக்கு அதில் பெருமைதான்.

அந்த ஜூன் மாதச் செவ்வாய்க்கிழமை கேசவின் மடல் வந்தது. கேசவ் மூன்றாவது மாடியில், ஒரு ஜெர்மன் வாடிக்கையாளருக்கு வேலை செய்யும் குழுவின் லீட். அவன் கேட்டது --as என்றொரு ஆப்ஷன். அதற்குப் பக்கத்தில் ஒருவரின் பெயரைக் கொடுத்தால், உள்ளே போடும் மாற்றம் அந்தப் பெயரில் பதிவாக வேண்டும். அதற்கான நிரலையும் அவனே எழுதி இணைத்திருந்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

காரணம் என்ற இடத்தில் இப்படி எழுதியிருந்தான்: ‘வீட்டுக்குப் போகும் ஆறரை மணி கம்பெனி கேபைப் பிடிக்க வேண்டியவர்கள் தங்கள் மாற்றங்களை ஒரு ஃபோல்டரில் விட்டுவிட்டுப் போவார்கள். பின்னால் ஆபீசில் இருப்பவர் அவற்றை அவரவர் பெயரில் உள்ளே போடுவார். இதற்காக இரண்டு வருடமாக ஒவ்வொரு முறையும் யூசர் பெயரைக் கையால் மாற்றிக்கொண்டிருக்கிறோம். ஆப்ஷன் இருந்தால் வசதி.’

இரண்டு வருடமாக. அந்த வரியைத் திரும்பப் படித்தேன். அப்படி மாற்ற முடியவே முடியாது, இவன் ஏதோ உளறுகிறான் என்றுதான் நினைத்தேன். சரி, பார்த்துவிடுவோம் என்று என் கணினியில் யூசர் பெயரை எங்கள் எம்.டி.யின் பெயராக மாற்றி, ஒரு வெற்றுக் கோப்பை உள்ளே போட்டேன். கருவி மூச்சுக் காட்டவில்லை. லாகைத் திறந்தால், எம்.டி. கோப்புப் போட்டதாக இருக்கிறது!

பெயரைச் சரிபார்க்கும் அந்தப் பகுதியை எழுதியது நான்தான். எதிரிலுள்ள கணினி என்ன பெயர் சொன்னாலும் நம்பிக்கொள்ளும்படி எழுதி வைத்திருந்தேன். சொந்த ஆபீசுக்குள் இன்னொருவர் பெயரை யார் சொல்லப்போகிறார்கள் என்ற நினைப்பு. அதற்குள் எனக்கு எத்திராஜின் ஞாபகம் வந்துவிட்டது.

எத்திராஜ் கேசவின் குழுவில் இருந்தவன். ராணிப்பேட்டைக்காரன், சந்தாபுராவில் ரூம் எடுத்திருந்தான், முதல் வேலை. பிப்ரவரியில், சோதித்துப் பார்க்க மட்டுமே எழுதிய ஒரு டெஸ்ட் கோப்பு வாடிக்கையாளருக்குப் போகும் ரிலீசுக்குள் போய், ஜெர்மனியில் ஒரு தொழிற்சாலை ஒரு பகல் முழுக்க நின்றுபோனது. யார் போட்டது என்று விசாரித்து அறிக்கை தரச் சொன்னார்கள் என்னை. லாகில் அவன் பெயர், மாலை ஏழு பன்னிரண்டு.

“மேடம், அந்நேரம் நான் கேப்ல இருந்தேன் மேடம். டிரைவரைக் கேளுங்க” என்றான். “நான் ஃபோல்டர்ல வெச்சது வேற...”

நான் முடிக்க விடவில்லை. “கெளம்பறதுக்கு முன்னாடி ஏதாவது ஓட விட்டுட்டுப் போயிருப்ப. லாக்ல இருக்கு, அவ்வளவுதான்” என்றேன். அறிக்கை ஒரே பக்கம். மறுநாள் அவனிடம் ராஜினாமா எழுதி வாங்கிவிட்டார்கள்.

மூன்றாவது மாடிக்கு ஏறினேன். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை.

“ஏனாய்த்து தமயந்தி? என்ன ஆச்சு, என் ஆப்ஷனைக் கொன்னுட்டீங்களா?” என்று சிரித்தான் கேசவ்.

அவன் திரையில் அந்த பிப்ரவரி நாளின் லாகைத் திறந்தேன். ஆறு ஐம்பது, அதே குழுவின் வைஷ்ணவி. ஏழு ஐந்து, எத்திராஜ், மூன்று வரித் திருத்தம். ஏழு பன்னிரண்டு, மறுபடி எத்திராஜ், டெஸ்ட் கோப்பு.

“இதெல்லாம் உள்ளே போட்டது யாரு?”

“நான்தான். அன்னிக்கு எல்லாரும் கேப்ல போயிட்டாங்க.”

“எத்திராஜ் ஃபோல்டர்ல இந்த டெஸ்ட் ஃபைல் இருந்துச்சா?”

அவன் திரையைப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது. தன் கணினியில் எதையோ தேடினான். பிறகு நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தான்.

“இது என்னோடது. அவன் பேர்ல போட்டுட்டு, என் பேருக்குத் திரும்ப மாத்தவே இல்ல. ஐயோ... தமயந்தி, சத்தியமா வேணும்னு செய்யல.”

“அன்னிக்கே தெரியலையா உங்களுக்கு?”

“லாக்ல அவன் பேர் இருந்துச்சே. எங்கிட்டேர்ந்து காப்பி எடுத்து ஃபோல்டர்ல வெச்சிருப்பான்னு நெனச்சேன். அப்புறம் நீங்களே ரிப்போர்ட் குடுத்துட்டீங்க.”

அவனை அறையலாம் போலிருந்தது. ஆனால் அதே கணக்கில் என்னை என்ன செய்வது? அங்கேயே, அவன் கணினியிலேயே உட்கார்ந்து, என் மடல் கணக்கைத் திறந்து, அவன் மடலுக்குக் கம்பெனி முழுவதற்கும் போகும்படி பதில் எழுதினேன். ‘வேண்டாம். இந்தக் கருவி சொல்லும் எந்தப் பெயரையும் நம்ப முடியாது, தவறு என்னுடையது. பிப்ரவரியில் எத்திராஜைப் பற்றி நான் கொடுத்த அறிக்கை பொய்.’ அனுப்பும் முன் கேசவைப் பார்த்தேன். முகத்தைக் கையால் மூடிக்கொண்டிருந்தவன் தலையை மட்டும் ஆட்டினான். அனுப்பிவிட்டேன்.

பிறகு மொட்டைமாடிக்குப் போய் எத்திராஜின் மொபைலுக்குப் போட்டேன். எடுத்தவுடன், “சொல்லுங்க மேடம்” என்றான், அதே மரியாதையோடு. ஒன்று விடாமல் சொன்னேன். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் கொஞ்சம் தேவலை என்றிருந்தது.

“அப்ப நான் செய்யலையா மேடம்?” என்றான்.

“இல்லப்பா. நீ செய்யல.”

“நாலு எடத்துக்கு இன்டர்வியூ போனேன் மேடம். ஏன் வேலைய விட்டேன்னு கேட்டாங்க. என் தப்பால ஒரு ஃபாக்டரியே நின்னுடுச்சுன்னு நானே சொன்னேன். கேப்ல இருந்தது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு மேடம். இருந்தாலும் நீங்களே எழுதியிருக்கீங்க, அப்ப நான்தான் எப்படியோ செஞ்சிருக்கணும்னு நெனச்சுட்டேன்.”