பன்னிரண்டு பூப்பொட்டலங்கள்

மஞ்சக்குட்டை மலையூர்க்காரி வெண்ணிலாவின் காப்பிச்செடி ஆராய்ச்சிக்கு அவள் படித்த பல்கலைக்கழகம் அந்த ஆண்டின் சிறந்த ஆய்வேட்டுப் பரிசைக் கொடுத்தது. பழைய மாணவர்கள், பேராசிரியர்கள், இப்போது படிப்பவர்கள் என்று சாதித்தவர்களின் கதைகளைச் சேர்த்து வருஷந்தோறும் ஒரு மலர் போடுவார்கள். இந்த முறை அதில் அவளுக்கு இரண்டு பக்கம். மலரைத் தொகுக்கும் ஜெஸ்லின் கேட்டது ஒரே ஒரு படம்தான்: ஆய்வுக்குத் தோட்டம் கொடுத்த விவசாயியோடு, அவர் செடிகளுக்கு நடுவில். அதற்காகத்தான் மார்ச் மாதக் காலையொன்றில் வெண்ணிலா கரடியூரில் ஜீப்பை விட்டு இறங்கினாள்.

அப்படித் தோட்டம் கொடுத்த சின்னையனின் வேலியருகே வந்ததும் அவள் கால் நின்றுவிட்டது. செடிகள் பழுத்த மஞ்சளாக நின்றன. ஒன்றைப் பிடித்து லேசாக இழுத்தாள். கணுக்கால் உயரத்தில் மளுக்கென்று ஒடிந்து கையோடு வந்தது.

ஒடிந்த இடத்தில் மாவாக நொறுங்கிய மரத்தூள். தண்டுத் துளைப்பான் வண்டின் வேலை. வெயில் படும் தண்டாகப் பார்த்து, பட்டை வெடிப்புக்குள் வண்டு முட்டையிடும். பத்து நாளில் புழு வெளிவந்து முதலில் பட்டைக்கு அடியிலேயே மேயும். அப்போது தண்டின்மேல் நரம்பு புடைத்தாற்போல் ஒரு வரி தெரியும். பிறகு உள்ளே இறங்கி, பத்து மாதம் மரத்தைத் தின்று, வண்டாகித் துளைபோட்டுப் பறக்கும், அடுத்த செடிக்கு. புழு உள்ளே போய்விட்டால் மருந்து கிடையாது. வண்டு பறப்பதற்குமுன் வெட்டி எரிப்பது ஒன்றே வழி.

முட்டையிடும் இடத்தையே இல்லாமல் செய்தால் என்ன? அதுதான் வெண்ணிலாவின் ஆராய்ச்சி. தேங்காய் நாரால் பட்டையைத் தேய்த்து வழவழப்பாக்கி, சுண்ணாம்பு பூசுவது. அது பலன் தந்தது என்று நிரூபிக்க வேண்டுமானால், பக்கத்திலேயே ஒன்றுமே செய்யாத தோட்டமும் வேண்டும். பன்னிரண்டு தோட்டங்கள், ஆறில் சுண்ணாம்பு, ஆறில் ஒன்றுமில்லை. எது எந்தப் பக்கம் என்பதை ஆள் பார்த்து முடிவுசெய்தால் ஆய்வு செல்லாது. குருட்டு வாய்ப்புதான் முடிவுசெய்ய வேண்டும்.

சீட்டுப் போட்டிருக்கலாம். ஆனால் சீட்டில் வந்ததை ஆறாம் மாதமே உதறிவிட்டுப் போவார்கள். மலைக்காரியான அவளுக்கு வேறொன்று தெரியும்: மாரியம்மன் கோயிலில் பூக்கேட்டு எடுத்ததை யாரும் மீறமாட்டார்கள். பன்னிரண்டு வாழையிலைப் பொட்டலம் கட்டினாள். ஆறில் நந்தியாவட்டை, ஆறில் செவ்வரளி. வெள்ளை வந்தால் சுண்ணாம்பு, சிவப்பு வந்தால் செடியைத் தொடக்கூடாது. சின்னையன் எடுத்ததில் சிவப்பு இருந்தது. மூன்று வருஷம் ஒருவரும் விலகவில்லை. அவளுடைய நெறியாளர் பேராசிரியர் ஜேசுதாஸ் அதைத்தான் அதிசயமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த மூன்று வருஷம் முடிந்து ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது.

"வாங்க டாக்டரம்மா," என்றாள் சின்னையன் மனைவி ராசாத்தி, வாசலில் நின்றபடியே. "ஏனுங்க, உங்க ஊர்ல ஒண்ணர வருசத்துக்கு ஒருக்காத்தான் பஸ் உடறாங்களா?"

"சும்மா இரு புள்ள," என்று சின்னையன் வெளியே வந்தார். "உக்காரு கண்ணு. காப்பி குடிக்கிறியா? நம்ம ஊட்டுக்கொட்டை இல்ல, கடைத்தூளுதான்."

"மாமா, செடிய ஏன் வெட்டாம வெச்சிருக்கறீங்க? ஆராய்ச்சிதான் எப்பவோ முடிஞ்சிருச்சுங்களே?"

"முடிஞ்சிருச்சா?" அவர் ராசாத்தியைப் பார்த்தார். "எங்களுக்கு ஒருத்தரும் சொல்லலையே."

"வாட்ஸப்புல எல்லாத்துக்கும் போட்டேனுங்க..."

"என்ற போன்ல பேசத்தான் முடியும் கண்ணு. மத்தவங்க வெட்டறதப் பாத்தேன். மீறிட்டாங்கன்னு நெனச்சேன். பூவுல எடுத்தத பூக்கேட்டுத்தானே உடோணும்? நீ வருவேன்னு இருந்தேன்."

அவரிடம் நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்று அவள் குறித்துத்தான் வைத்திருந்தாள். ஆய்வேடு எழுதும் அவசரத்தில் அந்தக் குறிப்பு எங்கோ அடியில் போய்விட்டது. ஆய்வு முடிந்த அன்று இந்த மேல்தோட்டத்தில் நூற்றைம்பது செடி உயிரோடு இருந்தது. இப்போது முப்பது தேறாது. கீழ்ச்சரிவில் இருந்த அவருடைய நல்ல தோட்டத்திலும் தண்டுகளில் வரி புடைத்திருந்தது. ஏப்ரலில் வண்டு பறக்கும். அதற்குள் மேல்தோட்டம் எரிந்தால்தான் கீழ்த்தோட்டத்தில் பாதியாவது மிஞ்சும்.

"இன்னைக்கே கேட்டுருவோம்," என்றார் சின்னையன். "பொட்டலத்த நீயே கட்டு. அன்னைக்கும் நீதானே கட்டுன."

கோயிலுக்குப் பின்னால் நந்தியாவட்டையும் செவ்வரளியும் அடுத்தடுத்துப் பூத்திருந்தன. இரண்டு பொட்டலம். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் ஆறு மாதத்துக்கு மறுபடி கேட்கக்கூடாது. அது அந்த ஊர் வழக்கம். வாய்ப்பு சரிபாதி. பாதி என்பது எவ்வளவு பெரியது என்று அவளுக்கு அன்றுதான் உறைத்தது. அரளிப்பக்கம் நீண்ட கையை இழுத்துக்கொண்டாள்.

ராசாத்தி கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தாள். வெள்ளை.

"தாயே," என்றார் சின்னையன். முகம் தளர்ந்தது. "கொடுத்துட்டா பாரு."

வெண்ணிலா மூச்சு விட்டாள். மிஞ்சிய பொட்டலத்தை எடுக்கக் குனிவதற்குள் ராசாத்தி அதையும் எடுத்துவிட்டாள். "ஆத்தாளுக்குக் கொண்டாந்த பூவ வெளிய எடுத்துட்டுப் போவலாமுங்களா?" என்று, அம்மன் காலடியில் வைக்க இலையைப் பிரித்தாள்.

அதிலும் நந்தியாவட்டை.

சின்னையன் இரண்டு பூக்களையும் மாறி மாறிப் பார்த்தார். கோபம் வந்திருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும்.

"அன்னைக்கு எனக்கு வந்த செவப்பும் இப்படித்தான் வந்துச்சா கண்ணு?"

"இல்லீங்க மாமா! சத்தியமா இல்லீங்க. அன்னைக்கு ஆறுக்கு ஆறு, சரியாத்தான் கட்டுனேன்."

"சரி சாமி."

"நெசமாலுமுங்க."

"சரின்னுதானே சொல்றேன்."

ஆய்வேட்டின் முப்பத்தொன்றாம் பக்கத்தில், தோட்டங்கள் எப்படிப் பிரிக்கப்பட்டன என்று அவள் எழுதியிருந்தாள். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதை நம்ப இந்த ஊரில் இனி ஆள் இல்லை.

சின்னையன் கொடுவாளை எடுத்துக்கொண்டு மேல்தோட்டத்துக்கு நடந்தார். அம்மன் உத்தரவு கொடுக்கவில்லை, ஆனாலும் வெட்டினார். ஒவ்வொரு செடியும் ஒரே வீச்சில் விழுந்தது. வெண்ணிலா ஒவ்வொன்றாகத் தூக்கிக் குவியலில் போட்டாள். அவர் வேண்டாமென்று சொல்லவில்லை, அவளைப் பார்க்கவும் இல்லை.

மதியம் குவியலுக்குத் தீ வைத்தார்கள். போன் அதிர்ந்தது. ஜெஸ்லின்: "படம் எடுத்தாச்சா? மலர் நாளைக்கு அச்சுக்குப் போவுது."

புகைக்கு அந்தப் பக்கம் சின்னையன் அடுத்த செடியின் அடியில் கையை வைத்து, உயிர் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.