பாட்டுக்கு எழும்பிய மாப்பிள்ளை

மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறவர்கள் கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள், சமையலறையை நோட்டம் விடுவார்கள். ராகேல் கோயில் பார்க்க வேண்டும் என்றாள். தரங்கம்பாடியிலிருந்து அப்பாவோடு கருங்கலுக்கு வந்திருந்தாள். மாப்பிள்ளை எட்சன் நல்லவனாகத்தான் தெரிந்தான். ஆனால் வேறு சபைக்காரன். சம்மதமா இல்லையா என்று ஞாயிறு மாலை ரயில் ஏறுவதற்குள் அவள் சொல்லியாக வேண்டும்.

“எங்க ஊர்ல போதகர் ஐயர் பீடத்தைப் பாத்து ராகமா ஜெபம் பாடுவார், நாங்க பதில் பாடுவோம். அந்த முறையில ஆராதிக்கிற லுத்தரன் கோயில் இந்தப் பக்கம் இருக்கா? அது இல்லாட்டி எனக்கு ஞாயிறு ஞாயிறாவே இருக்காது.”

அப்பா நெற்றியில் கைவைத்துக்கொண்டார். இந்தப் பெண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வார் அவர், பாவம். மற்றவர்கள் சிரித்தார்கள். எட்சன் மட்டும் சிரிக்கவில்லை. “தேடிப் பாப்பம்,” என்றான்.

மறுநாள் ஞாயிறு காலை காரை எடுத்தான். தங்கை பிரீனா பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். “கோயிலு கிட்டலேன்னா மைனி கல்யாணத்துக்குச் சம்மதிக்க மாட்டாவளோ?”

நிச்சயமே ஆகவில்லை, அதற்குள் அண்ணி முறை வைத்து மைனியாம். “பேசாம இரி ஏட்டி,” என்றான் எட்சன்.

முதல் கோயிலின் பெயர்ப்பலகையில் ‘லுத்தரன்’ என்று பார்த்ததும் ராகேலுக்கு மனம் குதித்தது. உள்ளே பீடத்தை மறைத்துக்கொண்டு டிரம்ஸ். சுவரில் பெரிய திரை. பிரீனா கைதட்டிப் பாடத் தொடங்கிவிட்டாள். ராகேலுக்கு முகம் விழுந்துவிட்டது.

“நல்லாத்தான் பாடுறாங்க. ஆனா நான் கேட்டது இது இல்லை,” என்றாள் வெளியே வந்து. சலித்துக்கொள்வான் என்று நினைத்தாள். அவனோ வாசலில் நின்றவரிடம் விசாரித்துக்கொண்டிருந்தான்.

“பூதப்பாண்டி பக்கம் ஒரு சின்ன கோயிலு உண்டாம். அங்க இப்பவும் பழைய முறைதான்னு சொல்லுதாவ. போலாமா?”

வயலை ஒட்டி இருந்தது அந்தக் கோயில். இவர்கள் போய் உட்காரவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. வெள்ளை அங்கி போட்ட ஐயர் பீடத்தின் பக்கம் திரும்பினார். ராகமாகப் பாடினார். சபை ராகமாகவே பதில் சொன்னது. ராகேலுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதே ராகம்தான், ஒரே ஒரு இடத்தில் மட்டும் வேறு மாதிரி வளைந்தது. யார் வளைத்திருப்பார்கள்? எப்போது? அடுத்த முறை அது வருவதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

ஜெபத்துக்கு எல்லாரும் எழுந்தார்கள். எட்சன் கண்ணை மூடி உட்கார்ந்தே இருந்தான். ராகேல் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பிறகு ஞானப்பாட்டு. எல்லாரும் உட்கார்ந்தார்கள். எட்சன் எழுந்தான். பாட்டுப் புத்தகத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்து முழுத்தொண்டையில் பாடினான். முன்பெஞ்சுகள் திரும்பிப் பார்த்தன. பாதி எழுந்த பிரீனா சட்டென்று உட்கார்ந்துவிட்டாள். இரண்டாம் சரணத்தில்தான் அவனுக்கே உறைத்தது. காது சிவந்துபோனது.

“பாட்டுக்கு இருக்கணுமா?” என்று குனிந்து கேட்டான். “எங்க கோயில்ல ஜெபத்துக்கு இருப்போம், பாட்டுக்கு எழும்புவோம், அதாக்கும் முறை.”

ராகேலுக்கு முறை என்றால் உயிர். யாராவது தப்பாக எழுந்தால் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்து உட்காரவைக்கிறவள் அவள். இப்போதும் கை அவன் சட்டைப் பக்கம் போகத்தான் செய்தது. ஆனால் தனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு ராகத்தைத் தேடி, ஏன் எதற்கு என்று கேட்காமல் காலையிலிருந்து வண்டி ஓட்டியிருக்கிறான் இந்த மனுஷன். அவனை அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. எழுந்து நின்றாள்.

“உக்காராதீங்க. எந்தச் சரணம்?” என்று அவன் புத்தகத்தில் எட்டிப் பார்த்தாள்.

பின்னால் பிரீனா சத்தமில்லாமல் போனை எடுத்துப் படம் பிடித்தாள். கருங்கலில் கார் நிற்கும்போது அந்தப் படத்தை வீடே பார்த்து முடித்திருந்தது. சம்மதமா என்று அப்பா கேட்கவே இல்லை. “கல்யாணத்தை எந்தக் கோயில்ல வச்சுக்கலாம்?” என்றார்.

ராகேல் எட்சனைப் பார்த்தாள். “உங்க கோயில்லயே வைங்க. ஐயர் மட்டும் எங்க ஊர்லேர்ந்து வரட்டும்.”