மூன்று பலகை உயரம்

"நாலு இன்ச். அதுக்குக் கீழே பேசாதே" என்றார் மரவாடிக்காரர்.

அவருடைய மச்சினன் பிக்கப் வண்டியின் முன் சக்கரத்தருகே குந்தியிருந்தான். அந்தப் பட்டறை அவனுடையது. எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தான். அக்காள் புருஷனைக் கேலி செய்ய அவனுக்கு உரிமை உண்டு. அந்த உரிமையை அவன் ஒருநாளும் வீணாக்கியதில்லை.

"நாலு இன்ச் தூக்கினா நீங்க ஏணி வச்சுத்தான் இறங்கணும், அத்தான். எங்கே போறீங்கன்னு சொல்லுங்க. நான் உயரம் சொல்றேன்."

"மேல் காட்டுல மரம் பார்க்கணும்."

"அங்கே ஏது மரம்? போன வருஷமே வெட்டி முடிச்சாச்சே."

"வேர் கிடக்கு."

மச்சினன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். மரவாடிக்காரர் சிரிக்கவில்லை. வெள்ளைச் சட்டையின் மடிப்புக் கலையாமல், பட்டறையின் நடுவில் நட்டுவைத்த தூண்போல நின்றார்.

போகவேண்டிய இடம் மேல் காடு அல்ல என்பது இருவருக்கும் தெரியும். அதற்கும் அப்பால், வறண்ட ஓடையைத் தாண்டி, பாறைப் பாதையின் முடிவில் தகரக் கூரை போட்ட ஒரு வீடு இருக்கிறது. அவருடைய ஒரே மகள் அங்கேதான் குடித்தனம் நடத்துகிறாள். மரம் ஏற்ற வந்த லாரி டிரைவரோடு அவள் போய் ஆண்டுகள் ஓடிவிட்டன. அவள் போன அன்று மரவாடி வாசலில் ஊரே கேட்க அவர் ஒன்று சொன்னார்: "அவன் கையை எதிர்பார்த்து நிக்கிற நிலைமை என் குடும்பத்துக்கு ஒருநாளும் வராது." சொன்னதைக் காப்பாற்றுவதுதான் அந்தக் குடும்பத்தின் பெருமை. அவர் அப்பா அப்படி வாழ்ந்தார்; அவரும் அப்படித்தான். மகளை வையவுமில்லை, அவளைப் பற்றிப் பிறர் ஒரு வார்த்தை பேச விட்டதுமில்லை.

ஆனால் தினமும் சாயங்காலம் மரம் அறுக்கும் வாளை நிறுத்தியபின், மரவாடியின் பின்புறம் அடுக்கிய கட்டைகளின்மேல் ஏறி நிற்பார். ஈரம் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதாகப் பேர். அங்கிருந்து பார்த்தால் மலைச்சரிவில் அந்தத் தகரக் கூரை வெயிலில் மின்னும். அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்தது. கூரைக்குக் கீழே அவள் இப்போது விளக்கு ஏற்றுவாள், அடுப்பு மூட்டுவாள் என்று நினைத்துக்கொண்டு இறங்கிவிடுவார்.

மாப்பிள்ளை காற்றுக்குத் தடுப்பாகச் சவுக்குக் கன்றுகளை வரிசையாக நட்டிருந்தான். சவுக்கு எப்படி வளரும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. முதலில் சுவர் மறைந்தது, பிறகு கூரையின் ஓரம். இந்த மழைக்குப் பின் கட்டைமேல் ஏறி நின்றபோது மலையில் பச்சை மட்டுமே தெரிந்தது. எந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தும் கூரையின் மினுக்கம் தட்டுப்படவில்லை. மறுநாளே பிக்கப்பை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்துவிட்டார்.

"சரி, வேர் பார்க்கவே போங்க" என்றான் மச்சினன். "ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கங்க. ஸ்பிரிங்கை உயர்த்தினா வண்டியோட உடம்புதான் மேலே போகும், அச்சு அங்கேயேதான் நிக்கும். அச்சைத் தூக்குறது டயர். பெரிய டயர் மட்கார்டுல உரசாம சுத்த இடம் வேணும், அதுக்குத்தான் இந்த உயரம். முன்னால ஒருத்தர் கை காட்டினா, ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பாறைப் படிக்கே ரெண்டு இன்ச் பெரிய டயரும் ரெண்டு இன்ச் தூக்கலும் போதும். அதுக்கு மேலே போனா சரிவுல வண்டி குடிகாரன் மாதிரி ஆடும்."

"டயரும் நாலு இன்ச் பெரிசாப் போடு. கூடவே இருக்கட்டும். வேண்டாம்னா அப்புறம் குறைச்சுக்கலாம்."

"இது மரமில்ல அத்தான், இழைச்சுக் குறைக்க."

மரவாடிக்காரரின் தொழில் வழக்கம் அது. எந்த மரச்சட்டத்துக்கும் ஓர் அங்குலம் கூடுதலாக விட்டே அறுப்பார். ஆனால் இங்கே அவர் கூட்டிக் கேட்டதற்கு வேறு காரணமும் இருந்தது. ஓடையைத் தாண்டியதும் பாதையின் குறுக்கே ஒரு பாறைப் படி உண்டு. உயரமான வண்டி அதை யார் தயவுமின்றி ஏறிவிடும். தாழ்ந்த வண்டி என்றால் அடி தட்டாமல் இருக்க, பாதை தெரிந்த ஒருவர் முன்னால் நின்று கை காட்டவேண்டும். அங்கே பாதை தெரிந்தவன் மாப்பிள்ளை ஒருவன்தான்.

"உனக்கு அந்தப் படி எப்படித் தெரியும்?" என்று திடீரெனக் கேட்டார்.

மச்சினன் ஸ்பேனரைத் தேடுவதுபோல் குனிந்தான். "கேள்விப்பட்டேன்."

அவன் காதோரம் சிவந்ததை அவர் கண்டும் காணாததுபோல் இருந்துவிட்டார். எப்படி இருக்கிறாள் என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போனது.

வேலை தொடங்குமுன் உயரத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றார். மரவாடியிலிருந்து அங்குலப் பலகைகள் வந்தன. ஸ்பிரிங்குக்கு நாலு, டயர் நாலு இன்ச் பெரிதானாலும் உயரம் அதில் பாதிதான் கூடும் என்பதால் அதற்கு ரெண்டு என்று சக்கரத்துக்கு ஆறு பலகை. ஜாக்கி வைத்து ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கி அடுக்கினார்கள். வண்டி நெஞ்சை நிமிர்த்தி நின்றது. மரவாடிக்காரருக்குத் திருப்தி. இந்த உயரத்திலிருந்து பார்த்தால் யாரையும் அண்ணாந்து பார்க்கவேண்டியதில்லை.

அப்போது அவர் மனைவி உள்ளே வந்தாள். முழங்கால் வலி அவளுக்கு வெகுநாளாக உண்டு. சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் நடப்பாள். கையில் ஒரு துணி மூட்டை இருந்தது. வண்டியை மேலும் கீழும் பார்த்தாள்.

"வாக்கா. அத்தான் வேர் பார்க்கப் போறார்."

"தெரியும்டா. நானும் வேர் பார்க்கத்தான் வந்தேன்" என்றவள் கதவுப் பிடியைப் பற்றிக் காலைத் தூக்கினாள். பாதம் வண்டிப் படிக்கு இரண்டு அங்குலம் கீழேயே நின்றுவிட்டது. மறுபடி முயன்றாள். முழங்கால் மடங்க மறுத்தது.

"நீ எதுக்கு ஏறுறே?" என்றார் அவர்.

"எங்கே போறீங்கன்னு நான் கேட்டேனா? நான் எதுக்கு ஏறுறேன்னு நீங்களும் கேட்காதீங்க."

"நான் மட்டும் போய் ஒரு தடவை பார்த்துட்டு..." அவர் நிறுத்தினார். சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டார்.

 அவள் அழவில்லை, பிடியையும் விடவில்லை.

"நீங்க வார்த்தை சொன்னீங்க. அதுக்காக நானும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அவ தலையை வாரி எவ்வளவு காலம் ஆச்சு தெரியுமா? உங்களுக்காவது ஒரு கூரை தெரிஞ்சுது. கட்டைமேல ஏற எனக்கு முழங்கால் ஏது?"

அவள் அறிந்திருந்தாள். இத்தனை காலமும் ஈரம் பார்க்கிறேன் என்றதை அவள் நம்பவே இல்லை. மரவாடிக்காரர் வேறு பக்கம் பார்த்தார். பிறகு, வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எண்ணெய்த் தரையில் தாமே குனிந்தார்.

"ஜாக்கியைப் போடு."

அவள் ஏறும் பக்கத்துச் சக்கரங்களுக்கடியிலிருந்து ஆளுக்கொரு பலகை உருவினார்கள். ஐந்து. அவள் காலைத் தூக்கினாள், எட்டவில்லை. நாலு. பாதம் படியைத் தொட்டது. உடம்பைத் தூக்க முடியாமல் கால் நடுங்கியது. மூன்று. பல்லைக் கடித்து ஓர் எம்பு எம்பினாள். உட்கார்ந்துவிட்டாள். சின்னப் பெண்ணாக இருந்தபோது மகள் கியர்க் கம்பியில் கை வைத்துக்கொண்டு உட்காரும் நடு இடத்தில்.

"மூணு" என்றான் மச்சினன். "ஸ்பிரிங்குக்கு ரெண்டு, டயருக்கு ஒண்ணு. நான் காலையிலேயே சொன்ன அளவு. ஆனா அத்தான், இந்த உயரத்துல அந்தப் படியை..."

"தெரியும்."

"முன்னால ஒரு ஆள் நின்னு கை காட்டணும். எனக்குக் கடை இருக்கு, வர முடியாது."

மரவாடிக்காரர் கையிலிருந்த பலகையின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தார். 

"சொல்லிடு" என்றார். யாருக்கு என்று சொல்லவில்லை. மச்சினனும் கேட்கவில்லை.

வேலை முடிந்து அவர்கள் கிளம்பிய காலையில் ஓடை வறண்டு கிடந்தது. புது டயர்கள் கூழாங்கற்களை நொறுக்கிக்கொண்டு ஏறின. பாறைப் படிக்கு அருகில், சட்டைக்கையை மடித்துவிட்டு, அவன் நின்றிருந்தான். முடி நரைக்கத் தொடங்கியிருந்தது. வணக்கம் சொல்ல எடுத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே தூக்கிச் சைகையாக்கிக்கொண்டான்.

"இடது... இடது... வா... வா... வா..."

"உங்களைப் பார்த்து வா வாங்கிறான்" என்று முணுமுணுத்தாள் மனைவி.

"வண்டியைச் சொல்றான்."

அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கையை மட்டும் பார்த்தார். மரவாடியில் லோடு லாரிகளைச் சுவரோரம்வரை பின்னால் வரவழைத்த கை. அந்தக் கையை நம்பிப் பின்னால் வந்த லாரியால் ஒருபோதும் ஒரு செங்கல்கூடப் பெயர்ந்ததில்லை. முன் சக்கரம் படியில் ஏறியது. வண்டியின் வயிற்றுக்கும் பாறைக்கும் இடையில் ஒரு பலகை நுழையாது. கை மெல்ல வலப்பக்கம் சாய்ந்தது. அவரும் ஸ்டீயரிங்கைச் சாய்த்தார். பின் சக்கரம் ஏறியதும் கை மூடியது. போதும்.

எங்கும் தட்டவில்லை.

அவன் வழிவிட்டு ஒதுங்கினான். வண்டி நகரவில்லை. மரவாடிக்காரர் மனைவியைத் தாண்டிக் கையை நீட்டி மறுபக்கக் கதவைத் திறந்தார்.

"நான் பின்னால ஏறிக்கிறேன்" என்றான் அவன்.

"பின்னால மரம்தான் ஏறும்" என்றார், நேரே பாதையைப் பார்த்தபடி. "முன்னால ஏறு."

மனைவி நகர்ந்து இடம் விட்டாள். மேலே சவுக்கு வரிசைக்கு நடுவே, ஒரு வண்டி நுழையும் அளவு இடைவெளி இருந்தது. கீழிருந்து அது தெரிந்ததே இல்லை. அதற்குள் தகரக் கூரை மின்னியது. கூரைக்குக் கீழே கதவு திறந்திருந்தது. அவர் கியரை மாற்றக் கையை வைத்தார். பழைய வழக்கமாக, அங்கே முன்பே ஒரு சின்னக் கை இருக்கிறதா என்று ஒரு கணம் பார்த்துக்கொண்டார்.