மூக்கடைத்த லேப்டாப்

என் லேப்டாப் இந்த ஆனி மாதத்திலிருந்து ஒரு நாளைக்கு மூன்று தடவை செத்துப்போக ஆரம்பித்தது. முதலில் விசிறி கூவும். பிறகு கீபோர்டு தோசைக்கல் மாதிரி சுடும். அப்புறம் திரை இருண்டுவிடும். பத்து நிமிடம் ஆற வைத்தால் ஒன்றும் நடக்காதது போல மறுபடி எழுந்து உட்காரும்.

அதை நம்பித்தான் என் பிழைப்பு. செல்போன் விளையாட்டுகளுக்குள் வரும் பொருட்களைச் செய்து கொடுப்பது என் தொழில். விளையாடுகிறவன் ஓடும்போது இடித்துத் தள்ளிவிட்டுப் போகிற டீக்கடை பெஞ்சு, தண்ணீர்க் குடம், இளநீர் வண்டி எல்லாம் கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டு மாடி அறையில் பிறந்தவை. எவனும் அவற்றை நின்று பார்த்ததில்லை. ஆனாலும் கம்பெனிக்காரன் கூலி கொடுக்கிறான். இந்த நான்கு மாதத்தில் லேப்டாப் நடுவழியில் நின்றுபோய், சொன்ன தேதியில் முடிக்காமல், இரண்டு வேலைகள் என் கையைவிட்டுப் போயிருந்தன.

லேப்டாப்பை வாங்கிக் கொடுத்தது அப்பா. பெயர் சடையப்பன். சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் முப்பது வருடமாக பாய்லர் ஆபரேட்டர். நான் அண்ணாமலை நகரில் கடைசி வருடம் படிக்கும்போது, கேம் விளையாடுகிற லேப்டாப்தான் வேண்டும், மற்றதில் என் வேலை ஓடாது என்று அடம்பிடித்தேன். "வயசுப் பொண்ணுக்கு ஒரு வளையல் வாங்க மாட்டான், வெளையாட்டுப் பொட்டி வாங்குறான்" என்று அத்தை ஊரெல்லாம் சொன்னார். அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடையில் பெரிய திரை வைத்த ஒன்றையும் பதினான்கு அங்குலச் சின்னதையும் கைக்கொன்றாகத் தூக்கிப் பார்த்தார். "எம் பொண்ணு தெனமும் பஸ்ல நின்னுக்கிட்டு சிதம்பரம் போவுது. இதான் தோளு வலிக்காது" என்று சின்னதை எடுத்தார். அவர் பார்த்தது எடையை மட்டும்தான்.

அது ஒவ்வொரு முறை நிற்கும்போதும் அவர் முகம் தொங்கும். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார்: "தப்பான மெஷின வாங்கிக் குடுத்துட்டேன் பாப்பா. பெருசா வாங்கியிருந்தா சூடு தாங்கியிருக்கும். புதுசு வாங்கிடு. இந்தத் தடவ நான் கடைக்கு வரல. நீயே பாத்து வாங்கிக்க."

அந்த 'நான் வரல' எனக்குப் பிடிக்கவில்லை. பாய்லர் சத்தத்தை வைத்தே எந்த வால்வில் கோளாறு என்று சொல்கிற மனிதர், தனக்கு மெஷின் பார்க்கத் தெரியவில்லை என்று ஒதுங்கிக்கொண்டார்.

ஆனாலும் புது மாடல் மேல் எனக்கு ஆசை இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அதே பதினான்கு அங்குலம். இன்னும் மெலிசு. திரை பளிச்சென்று இருக்கும். கடலூர்க் கடை ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை வரை பழையதைக் கொடுத்துப் புதியதை எடுக்கும் சலுகை. பெண் பார்த்த வீட்டுக்கே திரும்பத் திரும்பப் போகிற மாப்பிள்ளை வீட்டார் மாதிரி அதன் வீடியோக்களை இரண்டு வாரம் பார்த்தேன். குறை ஒன்றுதான். அதில் மெமரி போர்டோடு ஒட்டியே வருகிறது, பின்னால் கூட்ட முடியாது. பழையதில் நானே திறந்து கூட்டியிருந்தேன்.

வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். கடைக்காரன் கண் முன்னால் இது செத்துப்போனால் அடிமாட்டு விலைக்குக் கேட்பானே என்றுதான், வியாழக்கிழமை காலையில் சிதம்பரத்துக்கு எடுத்துப் போனேன். என்கூடப் படித்த ராஜவேல், அண்ணாமலை நகரில் மாணவர் விடுதிகளுக்கு நடுவே சர்வீஸ் கடை வைத்திருக்கிறான்.

"மூணு நாளைக்கு மூச்சு விட்டாப் போதும், அதுக்கப்புறம் கடக்காரன் தலையெழுத்து" என்றேன்.

"நல்ல எண்ணம்" என்று சொல்லிவிட்டு ராஜவேல் அடிமூடியைக் கழற்றினான். உள்ளே பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"நீ வீட்ல வேல பாக்குறியா, ரைஸ் மில்லுல பாக்குறியா?"

எட்டிப் பார்த்தேன். விசிறி இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ அப்பியிருந்தது. சூடு வெளியே போகும் தகடுகளின் இடுக்கெல்லாம் சுவருக்குப் பூச்சு பூசியது போல அடைந்திருந்தது. கடல் காற்றின் ஈரம் வேறு சேர்ந்து இறுகிவிட்டது. ராஜவேல் நகத்தால் கொஞ்சம் சுரண்டி, விரலில் தேய்த்து, மோந்தான். பிறகு என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"தூசி இல்ல ஸ்ரீமதி. விபூதி. வாசன விபூதி. ஒரு சின்ன டப்பாவே உள்ள இருக்கு. இதான் போ, சிதம்பர ரகசியம்!"

கடையில் இருந்த இரண்டு மாணவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டில் விபூதிக்கு அதிகாரி ஒருவர்தான். எனக்குப் பரீட்சை என்றாலும் காய்ச்சல் என்றாலும் அப்பா ஒரு சிட்டிகை விபூதியை நெற்றியில் பூசி, கையில் மிச்சமிருப்பதைக் கன்னம் உப்ப என் முகத்தில் ஊதுவார். ஊதினால்தான் உள்ளே இறங்குமாம். என் முதல் ஆன்லைன் இன்டர்வியூவுக்கு இரண்டு நிமிடம் முன்னால் அப்படி ஊதி, கண்ணில் விழுந்து, தும்மித் தும்மி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். "இனிமே இந்தச் சாம்பல எம் மேல ஊதாத" என்று கத்திவிட்டேன். அன்றோடு நிறுத்திவிட்டார். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அங்கிருந்தே அம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மா ஞானாம்பாளுக்கு எல்லாம் தெரியும். கேட்டால்தான் சொல்வாள்.

"வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம நீ குளிக்கப் போனதும் அவுரு மாடிக்குப் போவாரு. ஒன் லேப்டாப்பத் தூக்கி அடிப்பக்கம் ஊதிட்டு எறங்கிடுவாரு. நாலு வருஷமா நடக்குது. நீ சொல்லித்தான் செய்யறாருன்னு இல்ல நெனச்சேன்?"

நாலு வருடம். வருடத்துக்கு ஐம்பத்திரண்டு வெள்ளிக்கிழமை.

ராஜவேல் இரண்டு மணி நேரம் சுரண்டி, ஊதி, துடைத்து, சூட்டைக் கடத்தும் பசையைப் புதிதாக வைத்து மூடினான். வழக்கமாக எந்தக் காட்சியில் அது உயிரை விடுமோ அதையே ஓட்டச் சொன்னேன். அரை மணி ஓடியது. ஒரு மணி ஓடியது. விசிறி சத்தம்கூடக் கேட்கவில்லை. கீபோர்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், வெதுவெதுப்பு மட்டும்தான்.

"புதுசு வாங்குறது உன் இஷ்டம். ஆனா இதுக்கு ஒரு நோவும் இல்ல. மூக்கடைப்புதான்" என்றான். காசு வாங்க மறுத்து, டீயும் பஜ்ஜியும் வாங்கிக்கொண்டான்.

எனக்குக் கோபம் வந்தால் எதிரே நிற்பது யார் என்று பார்க்க மாட்டேன் என்று அம்மா சொல்வாள். அது பொய். நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் திட்டுவேன். பஸ் ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் அப்பாவைத் திட்ட வேண்டியதை வரிசையாகத் தயார் செய்துவிட்டேன். போன இரண்டு வேலைகள். தூங்காத ராத்திரிகள். படித்துப் படித்துச் சொல்லியும் கேட்காத புத்தி. வீட்டுக்குப் போகும்வரை பொறுக்க முடியவில்லை. அவருக்கு இரண்டு மணிக்கு ஷிப்ட் முடியும். சிப்காட் ஸ்டாப்பிலேயே இறங்கி, கம்பெனி கேட்டுக்கு எதிரில் நின்றேன்.

நீலச் சட்டையும் டிபன் பையுமாக அப்பா வெளியே வந்தார். கூட அவர் ஷிப்ட் கூட்டாளி கொளஞ்சியப்பன். என்னைப் பார்த்ததும் அப்பாவின் கால் நின்றது. என் முகத்தைப் பார்க்கவில்லை. தோளில் தொங்கிய லேப்டாப் பையைப் பார்த்தார்.

"செத்துப்போச்சா?"

ஆஸ்பத்திரி வாசலில் கேட்கிற மாதிரி கேட்டார். நான் தயார் செய்து வைத்திருந்த வரிசை முழுக்க மறந்துபோயிற்று.

"இல்லப்பா. தூசி அடைச்சிக்கிட்டு இருந்துச்சி. எடுத்தாச்சி. நல்லா ஓடுது."

"தூசியா? அப்ப மெஷின்ல கோளாறு இல்லயா?"

"இல்ல."

அவர் கொளஞ்சியப்பன் பக்கம் திரும்பினார். "மாமா, கேட்டியா? பாப்பா மெஷின்ல கோளாறு இல்லியாம். வெறும் தூசியாம்!"

"நான்தான் அன்னிக்கே சொன்னேனே" என்றார் கொளஞ்சியப்பன். என்றைக்குச் சொன்னார் என்று தெரியவில்லை.

அப்பா எங்கள் இருவருக்கும் டீயும் போண்டாவும் வாங்கிக் கொடுத்தார். டீக்கடைக்காரருக்கும் ஒரு முறை தூசி விஷயத்தைச் சொன்னார். கோபத்தைப் போண்டாவோடு சேர்த்து விழுங்கினேன். நான்கு மாதத்தில் அவர் இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது, மறுநாள் வெள்ளிக்கிழமை. சொன்னால் அவர் மனசு நோகும், சொல்லாவிட்டால் மெஷின் போகும். பேசாமல் புதியதை வாங்கிவிடலாமா என்றும் யோசித்தேன். ஆனால் புது மாடலுக்கும் வெள்ளிக்கிழமை வருமே.

காலையில் வழக்கம்போலத் துண்டை எடுத்துக்கொண்டு போய், குளியலறைக் கதவை வெளியிலிருந்தே சத்தமாகச் சாத்திவிட்டு, மாடிப்படி மறைவில் நின்றேன். அப்பா கையை மூடிக்கொண்டு சத்தமில்லாமல் மேலே போனார். பின்னாலேயே போய் வாசலில் நின்று பார்த்தேன். லேப்டாப்பைப் பிள்ளையைத் தூக்குவது போல இடது கையால் அணைத்துத் தூக்கி, மேஜை ஓரத்தில் சாய்த்து நிறுத்தினார். வலது கையை வாயருகே விரித்துக் கண்ணை மூடினார்.

"நடராசா, எம் பொண்ணுக்கு இன்னிக்கு வேல நல்லபடியா முடியணும்."

கன்னம் உப்பியது.

"அப்பா!"

உப்பிய கன்னத்தோடு திரும்பிப் பார்த்தார்.

"ஊதாதப்பா."

உள்ளங்கை விபூதியைப் பார்த்தார். லேப்டாப்பின் அடியில் இருந்த ஓட்டைகளைப் பார்த்தார். முப்பது வருடம் பாய்லர் பார்த்தவருக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை.

"தூசின்னியே பாப்பா. சாம்பலா?"

"ம்."

"நானேவா அடச்சேன்?" கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "ட்யூப்ல சாம்பல் படிஞ்சா பாய்லர் தாங்காதுன்னு ஊருக்கெல்லாம் சொன்னவன் நானு."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அடுத்தடுத்து இரண்டு நாள் பொய் சொல்ல எனக்கு வராது.

"நீதான். எதுக்குப்பா போயும் போயும் லேப்டாப்புக்கு ஊதுன?"

"ஒனக்கு ஊதக்கூடாதுன்னுட்ட. சரி, புடிக்கல, வுட்டுட்டேன். ஆனா நீ தெனமும் வேல செய்யிறியே, சும்மா இருக்க மனசு வரல. அது ஒண்ணும் சொல்லாம வாங்கிக்கிச்சி."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இருநூறு வெள்ளிக்கிழமை எனக்கு வர வேண்டியதை எல்லாம் எனக்குப் பதிலாக இந்தச் சின்னப் பெட்டி மூக்கில் வாங்கிக்கொண்டு, மூச்சு முட்ட முட்ட எனக்கு வேலையும் செய்து கொடுத்திருக்கிறது. அதைத்தான் நான் கடைக்காரன் தலையில் கட்டத் தயாரானேன்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அப்பா, இங்க பாரு. நாலு வருஷம் மூக்கு நெறய சாம்பல வச்சிக்கிட்டு நமக்குச் சோறு போட்டிருக்கு இது. வேற மெஷினா இருந்தா ஆறு மாசத்துல மண்டையப் போட்டிருக்கும். நீ வாங்குனது தப்பான மெஷின்னு இன்னொரு வாட்டி சொன்ன, எனக்குக் கெட்ட கோவம் வரும்."

அவர் லேப்டாப்பைத் திரும்பிப் பார்த்தார். "நல்ல மெஷின்தான் இல்ல?" என்றார் மெதுவாக.

"ரொம்ப நல்ல மெஷின்."

"அப்ப புதுசு?"

"வேணாம். இது தானா நிக்கிற அன்னிக்குப் பாத்துக்கலாம். அன்னிக்குக் கடைக்கு நீதான் வரணும். நீதான் கையில தூக்கிப் பாத்துச் சொல்லணும்."

அப்பா தலையாட்டினார். வலது கை மட்டும் இன்னும் விபூதியோடு மூடியிருந்தது. விபூதியைக் கீழே கொட்டக்கூடாது. திரும்ப டப்பாவில் போடவும் மாட்டார். என்ன செய்வது என்று தெரியாமல் அறையைச் சுற்றிப் பார்த்தார்.

நான் லேப்டாப்பை மூடி, எடுத்துப் போய் அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினேன். வந்து அவர் முன்னால் குனிந்து நெற்றியைக் காட்டினேன்.

"இங்க ஊது."

அப்பா கையைத் திறந்தார். பிறகு மூன்று விரலால் நெற்றியில் பூசி, மிச்சத்தைக் கன்னம் உப்ப ஊதினார். நான்கு தும்மல் அடுத்தடுத்து வந்தது.

"தும்மல் வருதுன்னுதான் அன்னிக்கு வேணாம்னியே பாப்பா" என்றார்.

"வந்தா வரட்டும்" என்றேன். "அடுத்த வெள்ளிக்கெழமயும் ஊது."